ஏழாம் கட்டிலின் இரண்டாவது டியூப்

நடந்ததைத்தான் எழுதுகிறேன். ராத்திரியில் அல்ல, பட்டப்பகலில், மத்தியானச் சாப்பாட்டு வேளையில் நடந்தது. கரண்ட் போகவில்லை, நாய் ஊளையிடவில்லை. நான் ஒரு ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பார்க்கிறவன். மெஷின் என்ன நம்பர் கொடுக்கிறதோ அதைச் சொல்வது என் வேலை. லேபில் யாராவது பேய், பிசாசு என்று பேச்செடுத்தால் "போய் வேலையைப் பாரு" என்று துரத்திவிடுவேன். கூட வேலை பார்க்கிறவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் சிடுமூஞ்சி. முதுகுக்குப் பின்னால்கூட இல்லை, நேருக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அந்தச் சிடுமூஞ்சி சொல்கிறேன், இது நடந்தது.

முதலில் எங்கள் ஜன்னலைப் பற்றிச் சொல்ல வேண்டும். லேபுக்கும் வராந்தாவுக்கும் நடுவில் ஒரு பால்கண்ணாடித் தடுப்பு. அதன் கீழ்ப்பக்கம் ஒரு சின்னத் திறப்பு, அதற்கு ஒரு தள்ளுகண்ணாடி. வார்டிலிருந்து ரத்த டியூப் கொண்டு வருகிறவர்கள் அந்தத் திறப்பில் கையை நீட்டுவார்கள். எங்களுக்கு யார் முகமும் தெரியாது, கைகள்தான் தெரியும். ஒரு மணி ஆனால் தள்ளுகண்ணாடியைச் சாத்திவிட்டு "சாப்பாட்டு நேரம்" என்று போர்டை மாட்டிவிடுவோம். அவசரம் என்றால் வார்டிலிருந்து போன் வரும். நான் வேலைக்கு வருவதற்கு முன்னாலிருந்தே அப்படித்தான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. எங்கள் ஆஸ்பத்திரியில் யாரையும் பெயர் சொல்லிப் பேசுவதில்லை, கட்டில் நம்பர்தான். "மூணுக்கு ரத்தம் எடுத்தாச்சா?", "பன்னிரண்டு வீட்டுக்குப் போகுது." டியூபில் மட்டும் பெயர் ஒட்டியிருக்க வேண்டும், அது விதி. வெறும் நம்பரோடு வருகிற டியூபை நான் வாங்கவே மாட்டேன். திட்டித் திருப்பி அனுப்புவேன். எனக்குச் சிடுமூஞ்சி என்ற பெயர் வந்ததே அதனால்தான்.

அன்றைக்கு குழந்தைகள் வார்டில் ஏழாம் கட்டிலில் படுத்திருந்தவள் என் அக்கா மகள்.

எட்டு வயது. வாயாடி என்றுதான் அவளைக் கூப்பிடுவோம். தூக்கத்தில்கூடப் பேசுகிற பெண். முந்தின நாள் ராத்திரி வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்தவள் அதற்கப்புறம் பேசவில்லை. அத்தான் வெளியூரில் இருந்தார். அக்கா தனியாக அவளைத் தூக்கிக்கொண்டு விடியற்காலையில் வந்து சேர்ந்தாள். வாயாடி வாய் மூடிக் கிடந்ததைப் பார்த்ததுமே எனக்கு உள்ளே ஏதோ மரத்துப்போயிற்று. பதறவில்லை, அழவில்லை. கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. அவள் ரத்தத்தை நானே மெஷினில் வைத்தேன்.

வெள்ளை அணு கொஞ்சம் அதிகம். சி.ஆர்.பி. ஆறு.

இந்த சி.ஆர்.பி.யைப் பற்றி ரெண்டு வரி. உடம்புக்குள் எங்காவது வீங்கிச் சீழ் பிடித்தால் ரத்தத்தில் ஏறுகிற ஒரு சரக்கு அது. குடல்வால் வீங்கினால் ஏறும், வெடித்துவிட்டால் நூறு, இருநூறு என்று தாவும். ஆனால் ஒரு சங்கடம், உடனே ஏறாது. வலி ஆரம்பித்த முதல் சில மணி நேரத்தில் பார்த்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி காட்டும். அதனால்தான் சிறு பிள்ளைகளுக்கு ஒரு தடவை பார்த்துவிட்டு நிறுத்த மாட்டார்கள். மறுபடி எடுத்து, ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது, ஸ்கேன், ரத்தம் மூன்றும் சேர்ந்துதான் முடிவு.

ஸ்கேனில் குடலெல்லாம் காற்று, குடல்வால் தெரியவில்லை. எங்கள் சர்ஜன் ஒரு பெண்மணி. கறார் டாக்டர் என்றால் ஆஸ்பத்திரி முழுக்கத் தெரியும். வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, அவசரப்பட்டுக் கிழிக்க வேண்டாம், நாலு மணிக்கு மறுபடி ரத்தம் எடுப்போம், ஏறியிருந்தால் உடனே ஆபரேஷன் என்று சொல்லிவிட்டு வேறொரு கேசுக்காகத் தியேட்டருக்குள் போய்விட்டார். சரியான முடிவுதான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

பன்னிரண்டரைக்கு அக்கா போன் பண்ணினாள். குரலில் அவ்வளவு தெம்பு.

"டேய், வலி போயிடுச்சாம்டா. எழுந்து உக்காந்து தண்ணி கேக்குறா."

அப்பாடா என்று இருந்தது. எனக்கு டியூப் தெரியும், வயிறு தெரியாது. வாயாடி மறுபடி வாயைத் திறந்துவிட்டாளா, இனி ஆஸ்பத்திரி தாங்காது என்று கிண்டல்கூடப் பண்ணினேன். ஆனால் உள்ளே மரத்துப்போனது மரத்துப்போனபடியே இருந்தது. ஏன் என்று தெரியவில்லை.

ஒரு மணிக்குக் கூட வேலை பார்க்கிற பையன், ஜோக்கர் என்போம், போர்டை மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனான். எனக்குச் சாப்பாடு இறங்காது என்று நான் போகவில்லை. லேபில் நான் ஒருவன்தான். குளிர்சாதனப் பெட்டியின் உறுமல், மெஷினின் மூச்சு. வேறு சத்தம் இல்லை.

அப்போதுதான் கேட்டது.

டிங்... டிங்... டிங்...

கண்ணாடியைக் கண்ணாடியால் தட்டுகிற சத்தம். விரல் முட்டியால் தட்டினால் அப்படிக் கேட்காது.

போர்டைப் பார்த்தும் தட்டுகிறார்களே என்று எரிச்சல் வந்தது. எழுந்திருக்கவில்லை. மறுபடி... டிங்... டிங்... டிங்... அவசரமே இல்லாமல், ஒரே அளவாக. ரொம்ப நேரமாகத் தட்டிக்கொண்டே இருக்கிற ஆள் தட்டுவது மாதிரி.

எழுந்து போய்த் தள்ளுகண்ணாடியைத் திறந்தேன்.

ஒரு பெண்ணின் வலது கை உள்ளே நீண்டது. வளையல், மோதிரம் எதுவும் இல்லை. உள்ளங்கைக்குள் ஒரு டியூபை இறுக்கிப் பிடித்திருந்தது. இறுக்கிய இறுக்கில் விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது.

"இதை வாங்கிக்கங்க."

"போர்டு தெரியலையா? பேர் எழுதியிருக்கா?"

கை அப்படியே நீட்டியபடி நின்றது. விரல் இடுக்கு வழியாக டியூபில் ஒட்டியிருந்த பிளாஸ்திரித் துண்டைப் பார்த்தேன். நீல மையில், கையால் எழுதியிருந்தது. கு.வா. 7. குழந்தைகள் வார்டு, ஏழு. பெயர் இல்லை, பார்கோடு இல்லை. அந்த ஏழின் நடுவில் குறுக்கே ஒரு சின்னக் கோடு.

வேறு எந்த நம்பராக இருந்தாலும் திட்டித் துரத்தியிருப்பேன். ஏழு... எங்கள் வாயாடி. அக்காதான் பயந்துபோய் நாலு மணிவரை பொறுக்காமல் நர்ஸை நச்சரித்து எடுக்கச் சொல்லியிருப்பாள், பக்கத்துக் கட்டில் அம்மா யாரிடமோ கொடுத்தனுப்பியிருக்கிறாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

"குடுங்க" என்று டியூபைப் பிடித்தேன்.

கை விடவில்லை.

லேசாக இழுத்தேன். விடவில்லை. விரலில் என் விரல் பட்டது. விறைத்துப்போய், என் கையுறையையும் மீறி ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மாதிரி சில்லென்று இருந்தது. கடைசியில் ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்தேன்.

"வலி போயிடுச்சுன்னு சொல்றா" என்றது அந்தக் குரல். சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. பலகையில் எழுதியதைப் படிக்கிற குரல்.

"சரி சரி. அரை மணி நேரம் ஆகும். போய் உக்காருங்க. வெளிய யாருக்கும் ரிசல்ட் சொல்ல மாட்டோம், வார்டுக்குத்தான் சொல்லுவோம்" என்று வழக்கம்போல் சிடுசிடுத்துவிட்டுக் கண்ணாடியைச் சாத்தினேன்.

வெளிச்சத்தில் டியூபைப் பார்த்தபோதுதான் முதல் நெருடல். கண்ணாடி டியூப். சிவப்பு ரப்பர் மூடி. நாங்கள் பிளாஸ்டிக்குக்கு மாறிப் பல வருஷமாகிறது. வார்டில் ஸ்டாக் தீர்ந்து ஏதோ பழைய அலமாரியைக் குடைந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது நெருடல். இப்போது எடுத்த ரத்தம் உறைய அரை மணியாவது ஆகும். அதற்காகத்தான் உட்காரச் சொன்னேன். ஆனால் இது ஏற்கெனவே உறைந்து அடியில் கட்டியாக உட்கார்ந்திருந்தது. மேலே மஞ்சளாகத் தெளிந்த நீர். ரொம்ப நேரம்... யாரோ கையிலேயே வைத்துக்கொண்டு நின்ற மாதிரி.

நீரைப் பிரித்து மெஷினில் வைத்தேன். பார்கோடு இல்லாததால் கையால் 7 என்று தட்டினேன்.

"ரிசல்ட் வந்துடுச்சா?"

ஜன்னலிலிருந்து அதே குரல். "இன்னும் இல்ல" என்றேன், திரும்பாமலே.

மெஷின் உறிஞ்சுகிற சத்தம். சொட்... சொட்...

"ரிசல்ட் வந்துடுச்சா?"

கொஞ்சம் கிட்டத்தில். திரும்பினேன். தள்ளுகண்ணாடி சாத்தியிருந்தது. பால்கண்ணாடியில் நிழலும் இல்லை.

"உக்காருங்கன்னு சொன்னேன்ல?"



மெஷின் ஓடியது. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த விரல்களைப் பிரித்த என் கை. கையுறைக்குள்ளேயே விரல் நுனியில் உணர்ச்சி இல்லை.

"ரிசல்ட் வந்துடுச்சா?"

இந்தத் தடவை கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இல்லை.

என் தோளுக்குப் பின்னால்.

நான் திரும்பவில்லை.

திரும்ப முடியவில்லை...

மெஷின் பீப் என்றது.

நூற்றுத் தொண்ணூற்றாறு.

ஆறு அல்ல. நூற்றுத் தொண்ணூற்றாறு.

பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதெல்லாம் அந்த நொடியில் மறந்துவிட்டது. வாயாடியின் வயிற்றுக்குள் ஏதோ வெடித்திருக்கிறது, அதுதான் எனக்குத் தெரிந்தது. வார்டுக்குக்கூடச் சொல்லவில்லை, நேராகத் தியேட்டருக்குப் போன் போட்டேன். கறார் டாக்டர் அப்போதுதான் கேஸை முடித்திருந்தார். நம்பரைச் சொன்னேன். திருப்பிச் சொன்னார். வலி இருக்கிறதா என்று கேட்டார்.

"வலி போயிடுச்சாம் டாக்டர்."

போனில் ஒரு மூச்சு கேட்டது. "போனை வெச்சிடு" என்றார்.

ஜன்னலைத் திறந்து வராந்தாவைப் பார்த்தேன். பெஞ்ச் காலி. வராந்தாவை அப்போதுதான் துடைத்துவிட்டிருந்தார்கள், தரை ஈரம் காயவில்லை. அந்த ஈரத்தில் ஒரு காலடிகூட இல்லை.

எனக்கு அதை யோசிக்க நேரமில்லை. வார்டுக்கு ஓடினேன். அக்கா சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், வீட்டுக்குப் போகப் பையெல்லாம் கட்டி வைத்திருந்தாள். டாக்டர் வந்து வாயாடியின் வயிற்றில் கை வைத்தார். பலகை மாதிரி இறுகியிருந்தது. திடீரென்று வலி போனால் நல்லதாகவும் இருக்கலாம், குடல்வால் வெடித்து அதற்குள் இருந்த அழுத்தம் விட்டதாகவும் இருக்கலாம் என்று அக்காவுக்கு ரெண்டு வாக்கியத்தில் சொன்னார். அக்காவின் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. அதை எடுக்க அவளுக்குத் தெரியவில்லை.

பத்து நிமிஷத்தில் பிள்ளையைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

குடல்வாலின் நுனி கறுத்து, ஊசி முனை அளவு ஓட்டை விழுந்திருந்தது. சீழ் அப்போதுதான் கசிய ஆரம்பித்திருந்தது. கழுவி, எடுத்து, தைத்தார்கள். நாலு மணிவரை விட்டிருந்தால் வயிறு முழுக்கப் பரவியிருக்கும் என்று டாக்டர் வெளியே வந்து சொன்னார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அவள் பிடித்திருப்பதே சரியாகத் தெரியவில்லை.

லேபுக்குத் திரும்பினால் ஜோக்கர் அந்தக் கண்ணாடி டியூபைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதை எந்த மியூசியத்துலேர்ந்து புடிச்சீங்க?"

அடுத்து அவன் இன்னொரு விஷயம் சொன்னான். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் தியேட்டரில் வாயாடிக்கு ரத்தம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். பெயர், பார்கோடு எல்லாம் ஒழுங்காக. அவனே மெஷினில் ஓட்டியிருக்கிறான்.

சி.ஆர்.பி. முப்பத்தொன்று.

ஒரு மணி நேரத்தில் நூற்றுத் தொண்ணூற்றாறு முப்பத்தொன்றாக இறங்காது. அப்படி ஒரு கணக்கே கிடையாது. மெஷின் கெட்டுவிட்டதா என்று சோதித்தோம். சரியாக இருந்தது. இரண்டையும் மறுபடி ஓட்டினோம். முப்பத்தொன்று. நூற்றுத் தொண்ணூற்றாறு.

வார்டுக்குப் போன் போட்டுக் கேட்டேன். ஏழுக்கு மத்தியானம் யாரும் ரத்தம் எடுக்கவில்லை. அக்காவும் யாரையும் அனுப்பவில்லை.

கடைசியில் ரெண்டு டியூபுக்கும் ரத்த குரூப் பார்த்தேன்.

வாயாடி பி.

கண்ணாடி டியூப்... ஓ.

நான் வாங்கி ஓட்டியது வேறு யாருடைய ரத்தமோ. வெறும் நம்பரைப் பார்த்து வாங்கினேன், எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய தப்பு கிடையாது. அந்தத் தப்பால்தான் எங்கள் பிள்ளை பிழைத்தாள்.

ஒரு வாரம் நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், வேலைக்கு வந்தேன். எதுவும் உள்ளே இறங்கவில்லை. வாயாடி ஆபரேஷன் தழும்பைக் காட்டி வார்டு முழுக்கக் கதை அளந்தாள். அவள் வீட்டுக்குப் போன மறுநாள் கறார் டாக்டர் லேபுக்கு வந்தார். தியேட்டரில் எடுத்த ரத்தத்தின் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. இரண்டு நம்பர் எப்படி வந்தது என்று கேட்டார். நான் விளக்கம் எதுவும் சொல்லாமல் ஃபிரிட்ஜிலிருந்து கண்ணாடி டியூபை எடுத்துக் கையில் கொடுத்தேன்.

பிளாஸ்திரியைப் பார்த்தார். ஏழின் குறுக்கே இருந்த கோட்டை விரலால் தடவினார். பக்கத்திலிருந்த ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார்.

"இது என் கையெழுத்து" என்றார்.

அவர் இதே ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டராக இருந்த காலத்துக் கதை அது. ஏழாம் கட்டிலில் ஒரு சின்னப் பெண். முதல் ரத்தத்தில் ஒன்றும் இல்லை. மத்தியானம் வலி போய்விட்டது என்று சொன்னாள். இவருக்கு மனசு கேட்காமல் மறுபடி ரத்தம் எடுத்தார். கொண்டுபோக ஆள் இல்லை. அம்மாவின் கையிலேயே டியூபைக் கொடுத்து, லேப் ஜன்னலில் கொடுத்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார்.

சாப்பாட்டு நேரம்.

ஜன்னல் சாத்தியிருந்தது. அந்த அம்மா டியூபால் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே நின்றிருக்கிறாள். ஜன்னல் திறப்பதற்குள் வார்டில் பிள்ளைக்கு ஜன்னி கண்டுவிட்டது. அப்புறம் என்ன செய்தும் பலிக்கவில்லை. அந்த டியூபை யாரும் வாங்கவே இல்லை. அந்த அம்மா கையை விரிக்க மாட்டேன் என்றுவிட்டாளாம். அப்படியே வீட்டுக்குப் போனாளாம்.

"எப்படி இருந்தாங்க அந்தம்மா? எப்ப தவறினாங்க?" என்று கேட்டேன். ஜன்னலில் நடந்ததை அதுவரை நான் அவரிடம் சொல்லவில்லை. அப்போதுதான் சொன்னேன். கை, விரல், குரல், நான் சிடுசிடுத்தது எல்லாம்.

டாக்டர் டியூபை மேஜையில் வைத்தார். தவறினதாகத் தனக்குத் தெரியாது என்றார். அந்த அம்மாவின் மூத்த மகள் எங்கோ தூரத்து ஊரில் இருக்கிறாள், நம்பர் இருக்கிறது என்று போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

மூத்த மகள் எடுத்தாள். டாக்டர் சுற்றி வளைத்து அம்மாவைப் பற்றி விசாரித்தார்.

"இருக்காங்க டாக்டர். படுத்த படுக்கைதான். பேச்சு நின்னு பல வருஷமாச்சு. வலது கையை மூடினது மூடினபடியே வெச்சிருப்பாங்களே, அதுதான் உங்களுக்குத் தெரியுமே..."

குரலைத் தாழ்த்தினாள்.

"போன வாரம் அது தானா விரிஞ்சிடுச்சு டாக்டர். மத்தியானம், நான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். திரும்பிப் பார்த்தா கை விரிஞ்சு கிடக்கு. வாயைத் திறந்து பேசினாங்க. 'சிடுசிடுன்னுதான் பேசினாரு, ஆனா வாங்கிக்கிட்டாரு'ன்னாங்க. யாரைச் சொல்றாங்கன்னு புரியல."

பக்கத்தில் நின்ற ஜோக்கர் என்னைப் பார்த்தான். சிரிக்கவில்லை.

"அதுலேர்ந்து ஒரே கேள்விதான் டாக்டர். காலைல, மத்தியானம், ராத்திரி... ரிசல்ட் வந்துடுச்சா, ரிசல்ட் வந்துடுச்சான்னு. நாங்க என்னத்தைச் சொல்ல?"

டாக்டர் போனை என் பக்கம் நகர்த்தினார். வெளியே யாருக்கும் ரிசல்ட் சொல்லக் கூடாது, இத்தனை வருஷத்தில் நான் சொன்னதும் இல்லை.

"வந்துடுச்சுன்னு சொல்லுங்கம்மா" என்றேன். "வார்டுக்குச் சொல்லியாச்சு. ஏழு பொழைச்சுடுச்சு."

மூத்த மகள் போனை அம்மாவின் காதருகே கொண்டுபோனாள் போலிருக்கிறது. துணி உரசுகிற சத்தம்... மூச்சு...

"சரி."

அந்த ஒரு சொல் போதும். சந்தோஷமும் இல்லாத, துக்கமும் இல்லாத குரல்.

ஜன்னலில் கேட்ட அதே குரல்.